ஏழாம் வாசலுக்கு எதிரே

நெவில் ஹாக்ஸ்வொர்த் இரண்டு வருடமாக
உள்ளே வருவதில்லை.
வராமலும் இல்லை.
ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில்
ஏழாம் வாசலுக்கு எதிரே
செங்கல் சுவரில் முதுகைக் கொடுத்து
வறுவல் பொட்டலத்தோடு நிற்பான்.
இரைச்சலை வைத்தே கோல் கணக்குச் சொல்வான்.
நமதென்றால் சுவர் முதுகில் அதிருமாம்,
எதிரிக்கென்றால்
மைதானத்தின் ஒரு மூலை மட்டும் இருமுமாம்.

எங்கள் ஆல்ட்விக் கிளப்பை வாங்கியவர்கள்
எந்த நாட்டுக்காரர் என்று
எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது.
தெரிந்தது இவ்வளவுதான்:
எங்கோ ஒரு மலையில்
அவர்களுடைய சுரங்கம் சரிந்தது.
நாற்பத்தோரு பேர்.
அடுத்த மாதம் எங்கள் புல்தரைக்கு அடியில்
வெந்நீர்க் குழாய் பதித்தார்கள்.
குளிரில் புல் விறைக்கக் கூடாதாம்.

அன்று இரவு மதுக்கடையில்
நெவில் தன் சீசன் டிக்கெட்டை
கத்தரிக்கோலால் நறுக்கி
மேசையில் பரப்பினான், மீன் செதில் மாதிரி.
"அந்தப் புல்லில் ஓடுகிறவனை
எந்த வாயால் வாழ்த்துறது?"

"யோக்கியன் வர்றான், செம்பை எடுத்து உள்ளே வை"
என்றான் டாக்ஸி ஓட்டும் இம்தியாஸ்,
ஆரஞ்சு ஜூஸைக் கீழே வைத்து.
"பழைய முதலாளி ஹெஸ்கெத் என்ன, புனிதனா?
அவன் பன்றிக்கறி ஆலையில்
உன் அண்ணனுக்கு இரண்டு விரல் போச்சு.
ஈடாக வந்தது ஒரு பெட்டி சாசேஜ்.
அந்த வாரமே நீ
அவன் கம்பெனி பெயர் போட்ட சட்டையோடு
தொண்டை கிழியக் கத்தினாய். நானும்தான்."

நெவில் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.
"அவன் நம்ம ஊர் அயோக்கியன்."
சொல்லி முடிப்பதற்குள்ளேயே
அது பதிலில்லை என்று
அவன் காது சிவந்துவிட்டது.

பேச்சு பெர்னுவாவிடம் தாவியது.
எப்போதும் அங்கேதான் தாவும்.
வாரம் மூன்று லட்சம் பவுண்டு, வயது இருபத்திரண்டு.
புது பூட்ஸைப் போட்டு நடந்து இளக்கித் தர ஒருவன்,
நாயைக் காலாற நடத்த ஒருவன்.
போன வாரம் பாதியில் வெளியே அழைத்ததற்குக்
கையுறையைக் கழற்றிப் பயிற்சியாளர் காலடியில் எறிந்தான்.
"பாலூட்டிப் படுக்க வைக்க ஆள் போடலையா?"
என்று கேட்டாள் பார் மேசை துடைக்கும் ஷீனா.

நான் தபால்காரி. அவன் தெரு என் தெரு.
ஒருமுறை பார்சலுக்குக் கையெழுத்துக் கேட்டேன்.
பழக்கதோஷம், 'அன்புடன்' என்று எழுதி
ஒரு இதயமும் வரைந்து கொடுத்தான்.
பிறகு என்னைப் பார்த்து
"இங்கே எப்போதாவது வெயில் வருமா?" என்றான்.
அந்தக் கேள்வியை நான்
மதுக்கடையில் யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் அவன் பக்கம் பேசுவதாக ஆகிவிடும்.

இந்தச் சனிக்கிழமை சரியான மழை.
ஆனாலும் புல்லிலிருந்து ஆவி எழுந்தது
இட்ட தேநீர் போல.
எண்பது நிமிடம் அவன் இடுப்பில் கைவைத்து நின்றான்,
பேருந்துக்குக் காத்திருப்பவனைப் போல.
எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்து
அக்காவிடம் கேட்ட வசவுகளுக்குப் போயிருந்தேன்.

எண்பத்தெட்டு.
வழுக்கிக்கொண்டு வந்த பந்தை
முதுகு காட்டியபடியே குதிகாலால் தொட்டான்.
தடுக்க வந்தவன் மழையைத்தான் உதைத்தான்.
அடுத்து நடந்ததை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை,
வலை மட்டும் உப்பியது.
முன்பின் தெரியாத ஒரு கனத்த மனிதரின்
ஈரக் கோட்டுக்குள் முகம் புதைத்து
நான் அலறிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தோரு பேர் அப்போது நினைவில் இல்லை.
இல்லை என்பது
படியிறங்கும்போது நினைவுக்கு வந்தது.

வெளியே நெவில் அதே சுவரில்.
வறுவல் தொடாமல் ஊறிப் போயிருந்தது.
"ஒன்றுக்கு பூஜ்யம். நமக்கு" என்றான்.
ஆமாம் என்றேன்.
சற்று நேரம் கழித்து, வேறெங்கோ பார்த்தபடி:
"யார்?"
சொன்னேன்.
குதிகாலால் என்றும் சொன்னேன்.

சூடான கிழங்கை வாயில் போட்டவன்
துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்
உதட்டை இறுக்குவானே, அப்படி ஆனது முகம்.
சட்டென்று குனிந்து
ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினான்,
நெடுநேரம்.
அவன் போட்டிருந்தது
நாடாவே இல்லாத ரப்பர் பூட்ஸ்.